கலைமகள் திருமுன் ஒரு பெண்குரல்

நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர்ப் பத்மநாபபுரம் அரண்மனை வாயிலில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். தேவாரக்கட்டு சரசுவதி யானைமேல் எழுந்தருளுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளில் உடன் வருவார்கள். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக ஏறக்குறைய 55 கிலோமீட்டர் கடந்து இவ்வூர்வலம் திருவனந்தபுரம் சேரும். அந்தக் கலைமகளைக் கம்பர் பூசித்த திருவுருவம் என்று எங்கள் ஊரார் வழிவழியாகச் சொல்வதுண்டு.

பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த காலத்தில் நவராத்திரி விழா இங்கேயே நடைபெற்றது. கண்ணாடிபோல் மினுங்கும் கருநிறத் தளமுடைய நவராத்திரி மண்டபம் இன்றும் அரண்மனையில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது; விழாவும் உடன் சென்றது. பின்னர்ச் சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) ஒன்பது நாட்களுக்கும் ஒன்பது கீர்த்தனைகளை இயற்றினார். முதல் நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி என்று அந்த வரிசை அமைந்துள்ளது. கச்சேரி தேவிக்கு நிகழ்த்தும் வழிபாடு ஆதலால் அங்கே யாரும் கைதட்டுவதில்லை. எத்துணைப் பெரிய வித்துவான் ஆனாலும் மௌனமே அவருக்குக் கிடைக்கும் பாராட்டு.

ஆயினும் அந்த மண்டபத்தில் பெண்கள் பாடுவதற்கு இடம் இல்லாதிருந்தது. இசைக்குத் தெய்வம் பெண்; அவள் முன்னே பாடுவோர் ஆண்கள் மட்டுமே! ஆண்டுதோறும் அந்த ஊர்வலத்தைக் கைகூப்பி வழியனுப்பிய எனக்கும் இம்முரண் நெடுங்காலம் தோன்றவேயில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பெண்குரலுக்கு வலிமை இல்லை என்று அக்காலத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). அவருக்கு ஈடுகொடுத்துப் பாடிய கணவர் எஸ். ஜி. கிட்டப்பா பிறந்த செங்கோட்டை, அந்நாளில் எங்கள் ஊரைப் போலவே திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1933இல் கிட்டப்பா இளவயதில் மறைந்தார். வெள்ளுடை பூண்ட சுந்தராம்பாள், 1935இல் வெளிவந்த திரைப்படத்தில் நந்தனாராகவே வேடம் தாங்கிப் பாடினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். கோயிலுக்குள் செல்ல இயலாத அடியாரின் ஏக்கத்தை ஒரு பெண்குரல் ஊர்தோறும் கேட்கச் செய்தது.

கடலுக்கு அப்பாலும் இத்தகைய கதவடைப்பு உண்டு. மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு, அவருடைய நிறத்தின் காரணமாக, 1939இல் வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கு மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். திரண்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் அவர் பாடியது 1955இல்தான். அப்போது அவருக்கு வயது 57. ஆப்பெரா பாடகர் ஒருவரின் குரல் உச்சத்தில் நிற்கும் பருவம் கடந்துவிட்டிருந்தது.

நம் கதையில் காத்திருப்பு இன்னும் நீண்டது. ஊர்வலம் செல்லும் வழியில் உள்ள பாறசாலையில் 1924இல் பிறந்தவர் பொன்னம்மாள். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கழகம் 1939இல் தொடங்கப்பட்டபோது அங்கே சேர்ந்த முதல் மாணவி அவரே. பிறகு அங்கேயே முதல் ஆசிரியையாகவும், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் முதல்வராகவும் பணியாற்றினார். சுவாதித் திருநாள் கீர்த்தனைகளை எத்தனையோ மாணவர்களுக்குக் கற்பித்த அவருக்கு, அக்கீர்த்தனைகளுக்கே உரிய மண்டபத்தில் பாட வாய்ப்பில்லை.

2006இல் அந்த வழக்கம் மாறியது. அவ்வாண்டு நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணியானார் பொன்னம்மாள். எண்பது வயதைக் கடந்திருந்தும் சுருதி விலகாத குரல்; ராகத்தை அவசரமின்றி விரிக்கும் பழைய பாணி. 2017இல் பத்மசிறீ விருது வந்தது. 2021இல், 96ஆம் வயதில் காலமானார்.

அவர் பாடிய அன்றும் மண்டபத்தின் முறைப்படி எவரும் கைதட்டவில்லை. விழா முடிந்ததும் சரசுவதி வழக்கம்போல் பாறசாலை வழியாகப் பத்மநாபபுரத்துக்குத் திரும்பினாள்.