“இது என் மங்கி ஐலன்ட் இல்லை”

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. இந்தப் பதிவில் இரண்டு பழைய, புதிய கேம்களின் முடிவைப் போட்டு உடைக்கப்போகிறேன். ‘மங்கி ஐலன்ட்’ வரிசையை விளையாட நினைத்திருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். பதிவு எங்கேயும் ஓடிப்போகாது.

2022 ஜூன் மாதக் கடைசியில் ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலன்ட்’ என்ற கேமின் முன்னோட்டக் காணொளி வந்தது. நான் சின்ன வயதில் விழுந்து விழுந்து விளையாடிய வரிசை. முதல் இரண்டு பாகங்களை உருவாக்கிய ரொன் கில்பேர்ட் முப்பது வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து செய்தது. ஆவலோடு திறந்தேன். படங்கள் எல்லாம் வெட்டி ஒட்டிய கடதாசிப் பொம்மைகள் போலக் கோணல்மாணலாக இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. “இது என் மங்கி ஐலன்ட் இல்லை. இதை வரைந்தவருக்கு வரையவே தெரியாது” என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, என் வேலையைப் பார்க்கப் போனேன்.

என்னைப் போலவே ஆயிரம் பேர் எழுதினார்கள். சிலர் என்னைவிட மோசமாக எழுதினார்கள். அந்த நாட்களிலேயே கில்பேர்ட் தன் தளத்தில் யாரும் கருத்து எழுத முடியாதபடி மூடிவிட்டார். தனிப்பட்ட தாக்குதல்கள் தாங்க முடியவில்லை என்பதுதான் காரணம். அந்தச் செய்தியைப் படித்தபோது, நான் எழுதியது அவர் தளத்தில் இல்லைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் நீண்ட நாள் நிற்கவில்லை. ஆகவேதான் இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

இந்த வகை கேம்கள் எப்படித் தொடங்கின என்று முதலில் பார்ப்போம். 1984இல் சியரா நிறுவனத்துக்காக ரொபேர்ட்டா வில்லியம்ஸ் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ கேமை உருவாக்கினார். திரையில் படம் இருக்கும், ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதை விசைப்பலகையில் எழுதவேண்டும். கேம் எதிர்பார்க்கும் சொல் உங்களுக்குத் தோன்றாவிட்டால் அதோடு சரி. ஒரு அடி தப்பாக வைத்தால் சாவு. தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்க மறந்துவிட்டு, பல மணி நேரம் கழித்து அது இல்லாமல் முடிக்கவே முடியாது என்று தெரியவரும் கேம்களும் அந்தக் காலத்தில் இருந்தன.

1987இல் லூக்காஸ்ஃபில்ம் கேம்ஸ் நிறுவனத்தில் கில்பேர்ட்டும் அவர் தோழர்களும் ‘மேனியாக் மேன்ஷன்’ செய்தார்கள். அதற்காக ‘ஸ்கம்’ என்ற மென்பொருளை எழுதினார்கள். வினைச்சொற்கள் திரையின் அடியிலேயே வரிசையாக இருக்கும். சொல்லைச் சொடுக்கி, பொருளைச் சொடுக்கினால் போதும். எழுத்துப் பிழையால் யாரும் தோற்கமாட்டார்கள்.

1989இல் கில்பேர்ட் ஒரு கட்டுரை எழுதினார். சாகச கேம்கள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன என்பதுதான் பொருள். செத்துச் செத்துத்தான் பாடம் படிக்கவேண்டும் என்று விளையாடுபவரை வைக்கக்கூடாது, புதிர் கதையை முன்னே கொண்டுபோகவேண்டும், இப்போது எதைத் தேடுகிறோம் என்பது விளையாடுபவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றார். அது ஒரு விளையாட்டுக்காரனின் முறைப்பாடு. முறைப்பாடு செய்தவரே கேம் செய்பவராகவும் இருந்தார் என்பதுதான் அதிர்ஷ்டம்.

1990இல் ‘தி சீக்ரெட் ஒஃப் மங்கி ஐலன்ட்’ வந்தது. கில்பேர்ட்டோடு சேர்ந்து டிம் ஷேஃபரும் டேவ் குரொஸ்மனும் எழுதினார்கள். கடற்கொள்ளையனாக வர ஆசைப்படும் கைபிரஷ் திரீப்வுட் என்ற அப்பாவிப் பையனின் கதை. அதில் சாவது மிகக் கடினம். கைபிரஷ் தண்ணீருக்கு அடியில் பத்து நிமிடம் மூச்சடக்குவான். அங்கேயே அவனைப் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா விட்டால்தான் சாவு. வாள்சண்டையில்கூட வாளைவிட வாய்தான் முக்கியம். எதிரி ஒரு கிண்டல் விட்டால், அதற்குப் பொருத்தமான பதில் கிண்டல் தெரிந்திருக்கவேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டாம் பாகம். 1991இல் வெளிவந்தது, எங்களிடம் வர இன்னும் சில வருடங்கள் ஆயின. அண்ணா ஜேர்மனியில் ஒரு பழைய பொருள் சந்தையில் ஓர் அமிகா கணினியை வாங்கி வந்தான். அந்த கேம் 11 நெகிழ்வட்டுகளில் இருந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் வட்டை மாற்று, மாற்று என்று திரை கேட்கும். அண்ணா மவுஸைப் பிடிப்பான், வட்டு மாற்றுவது என் வேலை. அப்பா பின்னால் வந்து நின்று, “என்னடா, நேற்றும் இந்த இடத்திலதானே நிண்டனீங்கள்?” என்பார்.

உண்மைதான். ஒரே இடத்தில் பல வாரங்கள் நின்றோம். ஒரு தீவில் நீர்வீழ்ச்சி கொட்டும். அதை நிறுத்தும் பம்பைத் திருகவேண்டும், ஆனால் கையில் கருவி இல்லை. விடை என்ன தெரியுமா? வேறொரு தீவின் மதுக்கடையில் ஒரு குரங்கு பியானோ வாசிக்கும். பியானோ மேல் ஆடும் மெட்ரோனோமில் வாழைப்பழத்தை வைத்தால், குரங்கு அதையே பார்த்துப் பார்த்து விறைத்துப்போகும். அந்தக் குரங்கைத் தூக்கிக்கொண்டு வந்து பம்பைத் திருகவேண்டும். ஏனென்றால் அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவகை ஸ்பேனருக்கு ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர். புதிர் முழுவதும் அந்த ஒரு சிலேடைதான். நாங்கள் விளையாடியது ஜேர்மன் பதிப்பு. ஜேர்மனில் அந்த மாதிரி ஸ்பேனரை ‘இங்கிலாந்துக்காரன்’ என்பார்கள். குரங்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைசியில் அண்ணாவின் வகுப்புத் தோழன் ஒருவன் பழைய சஞ்சிகையில் இருந்த விடையைக் காட்டினான். அண்ணாவுக்கு வந்த கோபத்தில் வட்டுகள் தப்பியது பெரிய விடயம்.

உலகம் முழுவதும் ஆங்கிலம் அல்லாத மொழியில் விளையாடியவர்கள் இதே முறைப்பாட்டைச் சொன்னார்கள். பிரித்தானியாவிலும் சொன்னார்கள், அங்கே அது வெறும் ஸ்பேனர். அந்தக் கோபம் நியாயமானது. வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி என்று வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. எல்லாரும் சிரிக்கும் பகிடி உங்களுக்கு மட்டும் விளங்காமல் போன நாள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

ஆனால் இரண்டாம் பாகத்தின் பெரிய சண்டை அதன் முடிவைப் பற்றியது. கைபிரஷ் புதையலைத் தேடி நிலத்தைத் தோண்டி, சுரங்கத்துக்குள் விழுகிறான். அங்கே அவனுடைய பரம எதிரி, பேய்க்கொள்ளையன் லெசக், “நான் உன் அண்ணன்” என்கிறான். லூக்காஸ் கம்பனி என்பதால் எந்தப் படத்தைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு இருவரும் வெளியே வந்தால் அது ஒரு கேளிக்கைப் பூங்கா. இருவரும் சின்னப் பையன்கள். அப்பா அம்மா வந்து ஏசுகிறார்கள். அப்படியானால் கொள்ளையர் கதை முழுவதும் ஒரு பிள்ளையின் கற்பனையா? அதே நேரம் அண்ணன் பையனின் கண்கள் ஒரு கணம் பேய்த்தனமாக மின்னும். கைபிரஷின் காதலி எலெய்ன் குழிக்கு மேலே காத்திருந்தபடி, அவனுக்கு ஏதும் மந்திரம் போட்டுவிட்டார்களோ என்று யோசிப்பாள். எதை நம்புவது என்று கேம் சொல்லாது.

அண்ணா அன்று “ஏமாத்திப்போட்டாங்கள்” என்று கணினியை அணைத்துவிட்டு, அந்த முடிவைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டான். பலருக்கும் அதே உணர்வுதான். கில்பேர்ட் 1992இல் நிறுவனத்தை விட்டுப் போனார், விளக்கம் சொல்லவில்லை. 1997இல் வேறு குழு செய்த மூன்றாம் பாகம், பூங்கா எல்லாம் லெசக்கின் மந்திரம் என்று சொல்லிக் கதையைத் தொடர்ந்தது. 2000இல் நான்காவது, 2009இல் ஐந்து அத்தியாயங்களாக ஐந்தாவது. ஒவ்வொன்றிலும் படம் வேறு மாதிரி. முதல் பாகம் 16 நிறங்களில் தொடங்கியது, மூன்றாவது கார்ட்டூன், நான்காவது முப்பரிமாணம். இதற்கிடையில் வருடங்கள் போகப் போக, வெறுக்கப்பட்ட அந்த முடிவு மதிக்கப்படும் முடிவாக மாறியது. விளக்கம் இல்லாததால்தான் முப்பது வருடம் பேச முடிந்தது.

2022இல் கோபப்பட்டவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. கில்பேர்ட் 2013இல், இன்னொரு மங்கி ஐலன்ட் செய்தால் பழைய கேம்களின் பாணியில்தான் செய்வேன் என்று எழுதியிருந்தார். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். ஏமாற்றத்தைச் சொல்லலாம். வரைந்தவருக்கு வரையத் தெரியாது என்று ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு எழுதியதற்கு அது சாட்டு ஆகாது. கலை இயக்குநர் ரெக்ஸ் குரோல் நான் அதை எழுதுவதற்கு முன்பே பல வருடங்களாக அந்தத் தொழிலில் இருப்பவர்.

கேம் 2022 செப்டம்பர் 19 அன்று வந்தது. நான் வாங்கவில்லை. நத்தாருக்கு அண்ணா வீட்டுக்குப் போனபோது அவனுடைய 11 வயது மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் காட்சியே அந்தப் பழைய பூங்கா, அந்தப் பையன்கள். சில நிமிடங்களில் உண்மை தெரிந்தது: அவர்கள் கைபிரஷின் மகனும் கூட்டாளியும். அப்பா சொன்ன கதையை நடித்து விளையாடுகிறார்கள். பிறகு வயதான கைபிரஷ் ஒரு வாங்கில் உட்கார்ந்து மகனுக்குப் புதிய கதையைச் சொல்லத் தொடங்குகிறான். அதுதான் கேம்.

அவள் ஓரிடத்தில் நின்றுபோனதும் நான் பழைய ஞாபகத்தில் தயாரானேன். அவள் கைபிரஷின் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். கேமுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். முதலில் இலேசான குறிப்பு, வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம், கடைசியில் முழு விடை. சுலபம், கடினம் என்று இரண்டு நிலைகளும் உண்டு. குரங்குக்காகப் பல வாரம் நின்ற எங்கள் தலைமுறையின் முறைப்பாடு எங்கேயோ கேட்டிருக்கிறது.

கடைசியில் முப்பது வருட இரகசியம் திறந்தது. மறுபடியும் கேளிக்கைப் பூங்கா, இயந்திரப் பொம்மைகள், ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருந்தது ஒரு ரீசேர்ட். எனக்கு மீண்டும் கோபம் வரப் பார்த்தது. மகன் வாங்கில் இருந்தபடி, உண்மையில் இரகசியம் என்ன என்று கேட்கிறான். பதிலை விளையாடுபவர் தெரிவுசெய்யலாம்.

“இதுக்காகவா முப்பது வருசம்!” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “சித்தப்பா, அவர் மகனுக்குக் கதைதானே சொல்லிக்கொண்டு இருந்தவர்? அப்பாவும் இப்படித்தான், நீங்கள் ரெண்டு பேரும் குரங்கைத் தேடின கதையை ஒவ்வொருமுறையும் வேற மாதிரிச் சொல்லுவார்.”

அண்ணா சமையலறையிலிருந்து, “நான் மாத்திச் சொல்லேல்லை!” என்று கத்தினான்.

அன்றிரவு தொலைபேசியை எடுத்து, ஜூனில் எழுதியதைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதன் கீழே ஏழு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அழித்துவிட்டு, “முழுவதும் பார்த்தேன். நீர்வீழ்ச்சிக் குரங்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்தப் படங்கள் எனக்குப் பிடித்துவிட்டன. முன்பு எழுதியதற்கு மன்னிக்கவும்” என்று எழுதினேன். அதற்கு யாரும் விருப்பம் தெரிவிக்கவில்லை.

ஒரு கேமை விளையாடிவிட்டு உங்களுக்குக் கோபம் வந்தால் எழுதுங்கள். எங்கே நின்றுபோனீர்கள், எது விளங்கவில்லை என்று எழுதுங்கள். செய்பவர்கள் திருத்துவது அதைப் படித்துத்தான். உங்கள் ஞாபகத்தில் இருந்த கதை இது இல்லை என்றால், கொஞ்சம் பொறுத்து, முடியும்வரை விளையாடிவிட்டு எழுதுங்கள். அண்ணாவுக்கு அந்தப் பழைய முடிவோடு சமாதானமாகப் பத்து வருடம் எடுத்தது. எனக்கு ஒரு 11 வயதுப் பிள்ளை தேவைப்பட்டாள்.