முற்றிய புரஸ்டேட் புற்றுநோய்: நிபுணர் பரிந்துரைகளும் கலவான நோயாளியும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு போன்ற தொலை உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் அது முற்றிய நிலை. பெரும்பாலும் முற்றாகக் குணமாகாது. ஆனால் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தி வைக்கலாம். இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானப் பகுதித் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டியும் இறப்பர்ப் பால் வெட்டியும் முதிர்ந்தவருக்கு முதுகுவலி புதிதல்ல. அதனால்தான் எலும்புக்குப் பரவிய நோய்க்கும் தைலம் தேய்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இரவிலும் ஓயாத வலியோடு சிறுநீர்த் தடையும் மெலிவும் சேர்ந்தால் புரஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை தேவை. கால்கள் தளர்ந்தால் முள்ளந்தண்டு வடம் நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஆண் ஹோர்மோனைக் குறைத்தால் இந்நோய் ஒடுங்கும் என்பதை 1941இல் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்றும் அதுவே அடிப்படை. மாதத்துக்கு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடலாம். அல்லது விரைகளை அகற்றும் சிறிய சத்திரசிகிச்சை செய்யலாம். ஹோர்மோனைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். 2003, 2017 ஆண்டுகளில் வந்ததுபோன்ற வெள்ளம் இரத்தினபுரிப் பாதைகளை மூடும்போது ஊசி தவறும். சத்திரசிகிச்சைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் கேட்டதும் கூசிப்போகும் விடயம் அது. நோயாளியோடு தனியே அமர்ந்து, தமிழில் பொறுமையாக விளக்கிய பிறகே சம்மதம் கேட்பது முறை.

2015இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய முற்றிய புரஸ்டேட் புற்றுநோய் ஒருமித்த கருத்து மாநாட்டில், சான்று தெளிவற்ற கேள்விகளுக்கு நிபுணர்கள் வாக்களிக்கிறார்கள். 75 வீதத்தினர் உடன்பட்டால் அது ஒருமித்த கருத்து. புதிதாகப் பரவல் கண்டறியப்பட்டு, உடலும் தாங்குமானால், ஹோர்மோன் ஒடுக்கத்தோடு மட்டும் நிறுத்தக்கூடாது என்பதே இன்றைய பரிந்துரைகளின் சாரம். தொடக்கத்திலேயே அபிராடெரோன், என்சாலுடமைட் போன்ற ஹோர்மோன் தடுப்பு மருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். பரவல் அதிகமானால் டோசிடாக்செல் கீமோவையும் கூடச் சேர்க்கலாம்: மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை. பரவல் குறைவானால் சுரப்பிக்குக் கதிர்வீச்சும் பயன் தரும்.

கலவான ஆதார வைத்தியசாலை, இரத்தினபுரி போதனா வைத்தியசாலை, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை எல்லாம் அரச வைத்தியசாலைகள், சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ் செலவையும் இழக்கும் நாட்சம்பளத்தையும் குடும்பமே சுமக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. இத்தகைய இடத்தில் 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வு மிகவும் பெறுமதியானது. வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் அபிராடெரோன் எடுத்தவர்களுக்கும், கொழுப்புக் குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் பிஎஸ்ஏ ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியது. நான்கு மாத்திரைக்குப் பதில் ஒன்று. ஆயினும் உணவின் கொழுப்புக்கேற்ப உடலில் சேரும் மருந்தளவு மாறும் என்பதால் வைத்தியர் சொல்லாமல் அளவைக் குறைக்கக்கூடாது. கூடவே தரும் பிரெட்னிசோலோனையும் நிறுத்தக்கூடாது.

பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு, முந்தைய மருந்துகளை நோய் மீறிய பின் ஒலாபரிப் மாத்திரை உதவும். பரம்பரையாக வந்த மாற்றமானால் மகள்மாருக்கும் சகோதரிகளுக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து இருக்கலாம். அவர்களையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும்.