வெயிலும் புகையும்: மிகை இறப்புக் கணக்கின் எழுபதாண்டு வரலாறு

முன்னுரை

கத்திரி வெயிலில் வேலைக்குப் போய்வந்த முதியவர் ஒருவர் இரவில் உறக்கத்திலேயே இறந்துபோனால், சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதுகிறார்கள். அன்று அடித்த வெயிலுக்கும் அந்தத் தெருவில் தேங்கி நின்ற புகைக்கும் அந்தத் தாளில் இடமில்லை. ஆகவே, இவை எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை இறப்புப் பதிவேட்டைப் புரட்டிச் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிக்கலுக்கு ஆய்வாளர்கள் கண்ட வழிதான் ‘மிகை இறப்பு’க் கணக்கு. ஒரு நகரில் குறிப்பிட்ட நாட்களில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள் என்பதை முந்தைய ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து கணித்து, அதற்கு மேற்பட்டவற்றைத் தனியே எண்ணுகிறார்கள். கடும் குளிரும் கடும் வெயிலும் மாசுக் காற்றோடு கைகோத்து உயிர் பறிக்கின்றன என்ற உண்மை இந்தக் கணக்கின் வழியாகவே தெளிவானது. அந்த உண்மை வெளிப்பட்ட வரலாற்றையும், நம் நிர்வாகம் அதில் இன்னும் கற்க வேண்டியதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. குளிரும் கரிப்புகையும்: லண்டன், 1952

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்துக்குக் கடுங்குளிரே தொடக்கம். குளிர் தாங்காமல் வீட்டுக்கு வீடு நிலக்கரியை அள்ளிப் போட்டு எரித்தார்கள். தரையை ஒட்டியிருந்த குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடியைப் போல் கவிழ்ந்துகொண்டது. காற்றசைவே இல்லை. புகையும் கந்தக டை ஆக்சைடும் மேலே போக வழியின்றித் தெருவிலேயே தங்கின.

முதல் கணக்கில் இறப்புகள் ஏறத்தாழ 4,000. புகை விலகிய பிறகும் பல வாரங்கள் இறப்பு விகிதம் இறங்கவில்லை. அந்த இறப்புகளை அரசு இன்புளுவென்சா காய்ச்சலின் கணக்கில் எழுதியது. 2001இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் ஆகிய இருவரும் பழைய பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, 1953 பிப்ரவரி வரையிலான மிகை இறப்புகள் 12,000 அளவில் இருக்கும் என்று காட்டினர். இந்தப் பேரிடரின் விளைவாக 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் புகையைக் கட்டுப்படுத்தியது; புகையும் தட்பவெப்பமும் சேர்ந்து செய்த வேலையைத் தனியே ஆராயும் காலம் பின்னால்தான் வந்தது.

2. வெயில் சமைக்கும் நஞ்சு: ஐரோப்பா, 2003

லண்டன் புகையைக் கண்ட அதே காலத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வேறு வகை மூட்டம் கண்ணைக் கரித்தது. அங்கே குளிருமில்லை, நிலக்கரிப் புகையுமில்லை. வாகனப் புகையிலும் எண்ணெய் ஆலைகளின் ஆவியிலும் உள்ள வேதிப்பொருட்கள் வெயில் பட்டு ஓசோனாக மாறுகின்றன என்று வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், மூச்சு விடும் உயரத்தில் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. வெயில் ஏற ஏற இந்த நஞ்சும் ஏறுகிறது.

அந்தக் கண்டுபிடிப்பின் முழுப் பொருளும் 2003 கோடையில் விளங்கியது. கடும் வெப்பம் தாக்கிய அந்தக் கோடையில் ஐரோப்பாவில் நிகழ்ந்த மிகை இறப்புகள் 70,000க்கு மேல் என்று பிற்காலக் கணிப்பு கூறுகிறது. பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000. பெரும்பாலோர் முதியவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆகஸ்டின் முதல் இரு வாரங்களில் நேர்ந்த 2,045 மிகை இறப்புகளில் 423 முதல் 769 வரை ஓசோனாலும் துகள் மாசாலும் நேர்ந்தவை என்று 2004இல் ஓர் ஆய்வு கணித்தது. வெயில் கொன்றதாக எண்ணப்பட்டவர்களில் கணிசமானோரின் சாவில் காற்றுக்கும் பங்கிருந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, அத்தகைய கோடை நேரும் வாய்ப்பை மனிதச் செயல்பாடுகள் குறைந்தது இரு மடங்காக்கியிருக்கக்கூடும் என்றது.

3. கூட்டலுக்குள் அடங்காத மீதி: மாஸ்கோ, 2010

2010 ஜூலை 6 தொடங்கி 44 நாட்கள் மாஸ்கோ வெந்தது. நகரைச் சுற்றி, பாதி மக்கிய செடிகொடிகள் அடர்ந்து படிந்த சதுப்பு நிலங்கள் உண்டு. எரிபொருளுக்காக முன்பு நீர் வடிக்கப்பட்ட அந்த நிலங்களும் காடுகளும் தீப்பற்றின. நகரவாசிகள் இருதலைக்கொள்ளி எறும்பானார்கள்: சன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வெக்கை.

மிகை இறப்புகள் ஏறத்தாழ 11,000. இங்கே ஆய்வாளர்கள் ஒரு புதிய கேள்வி கேட்டார்கள். வெப்பத்தால் மட்டும் எவ்வளவு, புகையால் மட்டும் எவ்வளவு என்று தனித்தனியே கணித்துக் கூட்டினால் மொத்தம் சரியாக வருமா? வரவில்லை. 2,000க்கும் மேற்பட்ட இறப்புகள் மிஞ்சின. அவை, வெப்பமும் புகையும் ஒன்றையொன்று வலுப்படுத்தியதால் நேர்ந்தவை.

அது ஏன் என்பதற்கு உடலியக்கமே விடை சொல்கிறது. வெயிலில் உடல் தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. வியர்வையால் நீர் வற்றி இரத்தம் செறிவடைகிறது. மூச்சு வேகமெடுக்க, 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்கள் வழக்கத்தைவிட மிகுதியாக உள்ளே போகின்றன. அவை நுரையீரலின் ஆழம் வரை சென்று அழற்சியை உண்டாக்கி, இரத்தம் உறையும் போக்கைக் கூட்டுகின்றன. ஏற்கெனவே களைத்த இதயத்தின் மேல் விழும் இரண்டாவது சுமை இது. கலிபோர்னியா பற்றி 2022இல் வெளிவந்த ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. கடும் வெப்ப நாளில் இறப்பு அபாயம் 6.1 விழுக்காடும், நுண்துகள் மிகுந்த நாளில் 5 விழுக்காடும் உயர்ந்தன. இரண்டும் ஒரே நாளில் வாய்த்தபோது உயர்வு 21 விழுக்காடு.

4. கீழ்த்தளத்துக்கு இறங்கிய தொட்டில்கள்: அகமதாபாத்

2010 மே 21 அன்று அகமதாபாதில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,344 மிகை இறப்புகள் நேர்ந்தன. நகரின் ஒரு பொது மருத்துவமனையில் மகப்பேறு வார்டு மேல்தளத்தில் இருந்தது, குளிர்சாதனம் கிடையாது. பகலெல்லாம் சூடேறிய கூரைக்கு நேர் கீழே, பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் கிடந்தன. வியர்த்துத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் திறன் அந்த உடல்களுக்கு இன்னும் முழுமையாக வந்திருக்கவில்லை. வெப்பநிலை 42 டிகிரியைத் தாண்டிய பிறகு ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும், வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் 43 விழுக்காடு கூடினர். பின்னர் வார்டு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது; இத்தகைய சேர்க்கைகள் வெகுவாகக் குறைந்தன.

2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை அகமதாபாத் மாநகராட்சி நடைமுறைப்படுத்தியது. வண்ணக் குறியீட்டு எச்சரிக்கை, மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, குடிநீர் ஏற்பாடு ஆகியவற்றைக் கொண்ட இத்திட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகளைத் தவிர்த்ததாக 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காற்று மாசுக்கான எச்சரிக்கைத் திட்டம் 2017இல் வந்தது. அது தனித் திட்டம். மாஸ்கோவில் ஒன்றாகத் தெரிந்த இரு ஆபத்துகளும் நிர்வாகத்தின் கோப்பில் இரண்டாகவே தொடர்ந்தன.

5. புழுக்கமும் வடசென்னையும்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கூர்மை உண்டு. நம் கடற்கரை ஊர்களில் 38 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். ஈரக் காற்றில் வியர்வை உலராததால் உடல் குளிர்வதில்லை. ‘புழுக்கம்’ என்று நாம் சொல்வதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்று அறிவியல் அளக்கிறது. உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகங்களை இவ்வெப்பம் பாதிப்பதைச் சென்னை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். எண்ணூரிலும் மணலியிலும் அனல்மின் நிலையங்களும் எண்ணெய், வேதி ஆலைகளும் சூழ, தகரக் கூரையின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் வாழ்வோர் புழுக்கத்தையும் புகையையும் ஒரே மூச்சில் இழுக்கிறார்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் வெயிலால் நேர்ந்த சாவு என்று மெய்ப்பிக்கச் சான்று வேண்டும். அந்தச் சான்றுதான் அரிது: நாட்டில் 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் உண்டு.

முடிவுரை

2013இல் லண்டனில் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தாய் விடாமல் போராடியதால் கிடைத்த தீர்ப்பு அது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படிப் போராட ஆள் இருக்க முடியாது. ஆகவே மாநகராட்சிகள் அன்றாட இறப்பு எண்ணிக்கையோடு அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம், நுண்துகள் அளவு ஆகியவற்றையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து, மாதந்தோறும் மக்களுக்கு வெளியிட வேண்டும். வெப்ப எச்சரிக்கையும் காற்று எச்சரிக்கையும் ஒரே அறிவிப்பாக வர வேண்டும். இதற்குத் தேவையான அளவுகள் ஏற்கெனவே வானிலை நிலையங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிலும் நாள்தோறும் எடுக்கப்படுகின்றன. அவற்றை இறப்புப் பதிவேட்டோடு இணைக்கும் வேலையை அடுத்த கோடைக்குள் தொடங்க வேண்டும்.