கார் கண்ணாடியில் போகாத நீர்க்கறை: தேய்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. ஆண்டு மழையளவு 2,100 மில்லிமீட்டருக்கும் அதிகம். இத்தனை மழை கழுவியும் கார் கண்ணாடிகளில் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை படிவது ஏன் என்று வாகனமோட்டிகள் பலர் கேட்பதுண்டு. சவர்க்கார நீர் ஊற்றித் தேய்த்தாலும் அந்த வட்டங்கள் போவதில்லை. கண்ணாடி நனைந்திருக்கும்போது மறைந்துவிடும். காய்ந்ததும் மீண்டும் தலைகாட்டும்.

பகலில் இது அழகுக் குறை மட்டுமே. இரவு மழையில் அப்படியில்லை. எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி கறைகளில் பட்டுச் சிதறும்போது, முன்கண்ணாடியில் வெண்திரை விழுந்தது போலாகிவிடும். கண்புரை தொடங்கியுள்ள மூத்த ஓட்டுநர்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிராங்கூன் சாலையிலும் தேக்கா நிலையத்தைச் சுற்றியும் சாலையைக் கடப்போர் ஏராளம். அவர்களில் ஒருவரை ஒரு நொடி தாமதமாகப் பார்ப்பதும் விபத்தில் முடியலாம். பக்கக் கண்ணாடியில் கறை இருந்தால், அருகில் வரும் மோட்டார் சைக்கிளோட்டி கண்ணில் படாமல் போகலாம்.

கறையைப் போக்க முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கறை கண்ணாடியின் மேல் படிந்திருக்கிறதா, கண்ணாடியையே அரித்துவிட்டதா? முன்னதை வீட்டிலேயே நீக்கலாம். பின்னதை எவ்வளவு தேய்த்தாலும் துடைத்தெடுக்க முடியாது.

கறை எங்கிருந்து வருகிறது?

மழைநீரில் தாதுப்பொருள்கள் மிகக் குறைவு. ஆனால், கண்ணாடியில் ஏற்கெனவே படிந்திருக்கும் சாலைத் தூசி, கட்டுமானத் தளங்களின் சிமெண்டுத் தூள், புகைமூட்டக் காலத்துத் துகள் ஆகியவற்றை ஒவ்வொரு துளியும் கரைத்துச் சேர்த்துக்கொள்கிறது. மழை விட்டதும் சுள்ளென்று வெயில் அடிக்க, நீர் ஆவியாகி அவை மட்டும் வட்டமாகத் தங்கிவிடுகின்றன.

குழாய் நீரிலும் கால்சியம் போன்ற தாதுக்கள் உண்டு. குடிப்பதற்கு அதனால் கேடில்லை. ஆனால், காரைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் அதே வட்டங்கள் தோன்றும்.

மூன்றாவது வகைதான் மிக மோசமானது. பலமாடி, நிலத்தடிக் கார் நிறுத்துமிடங்களில் கூரை விரிசல் வழியாகச் சொட்டும் நீர், கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்ததும் அது கெட்டியான வெள்ளைப் படிவமாகிறது. கூரையில் வெள்ளைக் குச்சிகள் தொங்குவது இதற்கு அடையாளம். இந்த நீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவைக் காரம் மெல்ல அரிக்கும். எனவே, இவ்வகைக் கறையை வார இறுதி வரை விட்டுவைக்கக்கூடாது.

எந்த நிலை என்று கண்டறிய

முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் கண்ணாடியைக் கழுவித் துடைக்க வேண்டும். வானவில் நிறத்தில் இழுபட்டுத் தெரிந்த மங்கல் இதிலேயே போய்விட்டால் அது எண்ணெய்ப் படலம், நீர்க்கறை அன்று.

வட்டங்கள் எஞ்சியிருந்தால் நகத்தால் மெதுவாக வருடிப் பார்க்கலாம். சொரசொரப்பாக மேடு தட்டினால் அது பெரும்பாலும் படிவம். பிறகு, வினிகரில் நனைத்த துணியை ஒரே ஒரு கறைமீது 5 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். கறை மங்கினால் வீட்டு வைத்தியம் பலிக்கும். இரண்டு மூன்று முறை செய்தும் மாற்றமே இல்லை, விரலுக்கும் வழவழப்பாகவே இருக்கிறது என்றால் கண்ணாடி அரிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் செய்யக்கூடியது

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் அதே தத்துவம்தான் இங்கும். புளியின் அமிலம் பித்தளைக் களிம்பைக் கரைப்பது போல, வினிகரின் அமிலம் சுண்ணாம்புப் படிவத்தைக் கரைக்கிறது. மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும். அதற்குப் பதிலாக, ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கால் லிட்டர் நீரில் கரைத்தும் பயன்படுத்தலாம்.

1. காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடி சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். சூடான கண்ணாடியில் வினிகர் நொடியில் காய்ந்துவிடும்.

2. முதலில் நீர் ஊற்றி மணல், தூசியை அகற்ற வேண்டும். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும்.

3. காகிதத் துவாலையை வினிகரில் நனைத்துக் கறைமீது ஒட்டவைத்து, 5 முதல் 10 நிமிடம் விட வேண்டும். தெளித்தால் வழிந்துவிடும்; துவாலை வைத்தால் அமிலம் கறைமீதே நிற்கும், சாயத்திலும் அவ்வளவாகப் படாது.

4. மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் தேய்த்து, நிறைய நீரால் கழுவ வேண்டும். ரப்பர் விளிம்புகளிலும் உலோகப் பட்டைகளிலும் அமிலம் தங்கக்கூடாது.

5. உடனே வேறொரு உலர்ந்த துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கறை எஞ்சியிருந்தால் இதையே திரும்பச் செய்யலாம்.

கண்ணெரிச்சலைத் தவிர்க்க, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்வது நல்லது. குளோரின் கலந்த ‘பிளீச்’ திரவத்தை வினிகருடன் ஒருபோதும் சேர்க்கக்கூடாது; நச்சு வாயு வெளிப்படும்.

செய்யக்கூடாதவை

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் கண்ணாடியைவிடக் கடினமான துகள்கள் இருப்பதால் அதைத் தொடவே கூடாது. சாம்பல் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அது காரமும் ஆகும், கீறவும் செய்யும். பற்பசை இலேசான மங்கலைக் குறைக்கலாமே தவிர, அரிப்பைப் போக்காது.

சக்கரங்களையும் தொழிற்கூடங்களையும் சுத்தம் செய்யும் சில திரவங்களில் ஃபுளோரைடு அமிலங்கள் உள்ளன. அவை கறையோடு கண்ணாடியையும் கரைக்கும். தோலில் பட்டால் உள்ளே ஊடுருவிக் கடும் காயத்தை ஏற்படுத்தும். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகளில் வரும் ‘ஒரே துடைப்பில் பளபளப்பு’ திரவங்களைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

வெயில் தடுப்பு ஒட்டுத்தாள் கண்ணாடியின் உட்புறத்தில் இருப்பதால், வெளிப்புறம் செய்யும் வேலை அதைப் பாதிக்காது. உட்புறத்தில் மட்டும் அம்மோனியா கலந்த திரவமோ சொரசொரப்பான துணியோ கூடாது. பின்கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள சூடேற்றும் கம்பிக் கோடுகளையும் அழுத்தித் தேய்க்கக்கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி, முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை ஊடுருவவிட வேண்டும். அவ்வளவு ஒளி தேவைப்படும் கண்ணாடியைக் கறை மூடிக்கிடக்க விடுவதில் பொருளில்லை.

வினிகருக்கு மசியாத கறை

கண்ணாடி இலேசாக அரிக்கப்பட்டிருந்தால் சீரியம் ஆக்சைடு பசை கொண்டு மெருகேற்றலாம். சின் மிங், உபி, காக்கி புக்கிட் வட்டாரங்களில் உள்ள கார்ப் பணிமனைகளில் இதுபற்றி விசாரிக்கலாம். பசை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஓரிடத்திலேயே இயந்திரத்தை அழுத்தினால் கண்ணாடி சூடேறி விரிசல் விடலாம். முன்கண்ணாடியில் ஓரிடம் மட்டும் தேய்ந்தால் அதன் வழியே தெரியும் காட்சி நெளியும். எனவே ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் உள்ள பகுதியை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். அரிப்பு ஆழமாக இருந்தால் கண்ணாடியை மாற்றுவதே வழி. பணம் கொடுக்கும் முன், ஓரத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் மெருகேற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

கழுவிய நீர் எங்கே போகிறது?

சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கு விழும் மழை வடிகால்கள் வழியாக 17 நீர்த்தேக்கங்களைச் சென்றடைகிறது. லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீரும் மரினா நீர்த்தேக்கத்தில்தான் சேர்கிறது. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு அது குடிநீருக்கான நீர்த்தேக்கமாகிவிட்டது. சாலையோர வடிகாலில் ஊற்றும் சவர்க்காரமும் அமிலமும் சுற்றி வந்து நம் நீர்த்தேக்கத்திலேயே கலக்கும். அதனால், காரைக் கழுவுவதற்கென அமைக்கப்பட்ட இடங்களையோ பெட்ரோல் நிலையக் கழுவுமிடங்களையோ பயன்படுத்துவது முறை. கறையை மட்டும் நீக்குவதென்றால் ஒரு வாளி நீரும் துணியும் போதும். மிஞ்சிய நீரை வீட்டுக் கழிப்பறையில் ஊற்றிவிடலாம்.

மீண்டும் வராமல் இருக்க

மழைக்குப் பிறகு காரை எடுக்கும்போது கண்ணாடிகளை ஒருமுறை துடைத்தாலே பாதிக் கறை தவிர்க்கப்படும். வைப்பர் ரப்பரை ஈரத் துணியால் துடைத்து, அது தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கறை நீங்கிய கண்ணாடியில் நீர்விலக்கிப் பூச்சு தடவினால் துளிகள் தங்காமல் உருண்டோடும். ஆனால், கறைமீதே பூச்சு தடவினால் கறையும் உள்ளே அடைபட்டுவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை கனமழை தரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்துமுடிப்பது நல்லது.

கார் நிறுத்துமிடக் கூரையில் நீர் சொட்டினால், அந்த இடத்தில் நிறுத்தாமல் இருப்பது தற்காலிகத் தீர்வுதான். வீவக கார் நிறுத்துமிடமாக இருந்தால், சொட்டும் இடத்தைப் படமெடுத்து, மாடி எண்ணையும் இட எண்ணையும் குறிப்பிட்டு ‘ஒன்சர்வீஸ்’ செயலி வழியாகத் தெரிவிக்கலாம். தனியார் கூட்டுரிமை வீடுகளில் நிர்வாக அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுப்பது நல்லது. கார்மீது ஏற்கெனவே சொட்டியிருந்தால், துடைக்கும் முன் அதையும் தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தாமதிக்காமல், அன்றே கழுவிவிட வேண்டும்.