ஹாஸ்பிஸ் குழுக்களும் வெளி ஆலோசகர்களும்

மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ்களில் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், சமயப் பணியாளர், தன்னார்வலர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்குச் சற்றே அதிக வயதுதான். நல்ல உள்ளம் கொண்டவர்கள் கூடியதால் தானாக அமைந்ததும் அல்ல. மருத்துவமனையின் படிநிலையில் இடமில்லாத வெளியாட்கள் பலர் இதன் உருவாக்கத்தில் பங்கு பெற்றிருக்கிறார்கள்.

அவர்களில் முன்னோடியான ஒருவர் ஹாஸ்பிஸுக்காக வேலை செய்தவரே அல்லர். 1950களில் லண்டனின் பெரிய போதனா மருத்துவமனை ஒன்று, மாணவச் செவிலியர்களை வார்டுகளுக்குப் பிரித்து அனுப்பும் முறை குலைந்துபோனதால் டாவிஸ்டாக் மனித உறவுகள் நிறுவனத்தின் உதவியை நாடியது. மாணவிகளுக்குப் பயிற்சியும் தர வேண்டும், வார்டு வேலையும் நடக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆய்வுக்கு வந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் இது அட்டவணைச் சிக்கல் மட்டுமல்ல என்று கண்டார். நோயும் சாவும் தரும் பதற்றத்திலிருந்து செவிலியரைக் காப்பதற்காகவே மருத்துவமனையின் நடைமுறைகள் பல உருவாகியிருந்தன. ஒருவருக்கு ஒரு நோயாளி என்று இல்லாமல், பல நோயாளிகளுக்கு ஒரே வேலையைச் செய்யும்படி பணி துண்டு துண்டாக்கப்பட்டிருந்தது. நோயாளியின் பெயருக்குப் பதில் படுக்கை எண்ணோ நோயுற்ற உறுப்போ வழங்கியது. சிறு முடிவும் மேலிடத்துக்குப் போனது. மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே வெளியேறினர். அவர்களில் பலர் திறமைசாலிகள் என்பதே மென்சீஸை உறுத்தியது. 1960இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் அவர் சொன்ன அடிப்படை மாற்றங்களை அந்த மருத்துவமனை பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆலோசகரை அழைப்பது எளிது, அவர் சொல்வதைக் கேட்பதுதான் கடினம் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே நகரில் வேறொரு பாதையில் வந்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகப் பயிற்சி பெற்று, முதுகுவலியால் அந்தப் பணியை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பின் 1957இல் மருத்துவரானார். பிற்காலத்தில் ஒரு குழு பகிர்ந்துகொண்ட மூன்று தொழில்களையும் இவர் ஒருவரே கற்றிருந்தார். ஹாக்னியிலிருந்த புனித ஜோசப் ஹாஸ்பிஸில், வலி வந்த பிறகு மருந்து தருவதை மாற்றி, வலி திரும்புமுன் குறித்த நேரத்தில் மார்ஃபின் தரும் முறையை வளர்த்தார். நோயாளியின் வலி உடல், மனம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் சேர்ந்தது என்ற அவரது கருத்தை ஏற்றால், ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களால் அதைத் தீர்க்க முடியாது என்பதையும் ஏற்க வேண்டியிருந்தது. 1967இல் சிடன்ஹாமில் திறக்கப்பட்ட புனித கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸ் இந்த எண்ணத்தின் மேல் எழுந்தது.

அங்கே ஆலோசக மனநல மருத்துவராக வந்தவர் காலின் மரே பார்க்ஸ். துயரம் பற்றிய ஆய்வாளரான அவருடைய முதன்மைப் பணியிடம் டாவிஸ்டாக். ஹாஸ்பிஸை ஓரளவு எட்டி நின்று பார்க்க அவரால் முடிந்தது. இறந்தவர்களின் துணைவர்களைப் பேட்டி கண்டு, ஹாஸ்பிஸையும் சுற்றுவட்டார மருத்துவமனைகளையும் ஒப்பிட்டார். பத்தாண்டு கழித்து மறுபடி ஆராய்ந்தபோது, வலி நிவாரணத்தில் மருத்துவமனைகள் ஹாஸ்பிஸை எட்டிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த இடம் ஒரு குடும்பம்போல இருந்தது என்று சொன்னவர்கள் ஹாஸ்பிஸ் தரப்பிலேயே மிக அதிகம். குடும்பம் என்றால் மனத்தாங்கல்களும் உண்டு. அந்தப் பக்கம் கவனம் பெற மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே ஹாஸ்பிஸ் எண்ணம் கடல் கடந்தது. அமெரிக்காவின் யேல் செவிலியர் கல்லூரித் தலைவர் ஃப்ளாரன்ஸ் வால்ட், 1963இல் சாண்டர்ஸின் பேச்சைக் கேட்டவர். பின்னர் அந்தப் பதவியையே விட்டார். அவரும் தோழர்களும் அமைத்த கனெக்டிகட் ஹாஸ்பிஸ் 1974இல் வீட்டுப் பராமரிப்பைத் தொடங்கியது. மறு ஆண்டு கனடாவின் மான்ட்ரியாலில் மருத்துவர் பால்ஃபர் மௌன்ட் மருத்துவமனைக்குள்ளேயே இத்தகைய ஒரு பிரிவைத் திறந்தார். புதிய பிரிவுகள் பெருகியபோது ஊழியர்களின் சோர்வும் வெளிப்பட்டது. டொரன்டோவில் புற்றுநோய்ப் பிரிவு ஊழியர்களுக்கு ஆலோசகராக இருந்த மேரி வஷான் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான ஊழியர்களிடம் பேசி 1987இல் ஒரு நூல் எழுதினார். அவர்களை அதிகம் வாட்டியது சாகும் நோயாளிகள் அல்ல; உடன் வேலை செய்வோருடனான உரசல், யார் வேலை எது என்ற குழப்பம், நிர்வாகத்தின் போக்கு ஆகியவையே. சாவுதான் பாரம் என்று நம்பியிருந்த துறைக்கு இது சங்கடமான செய்தி.

இதற்குள் அமெரிக்கச் சட்டம் குழுவைக் கட்டாயமாக்கிவிட்டிருந்தது. 1982இல் இயற்றப்பட்ட, அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் ஹாஸ்பிஸ் திட்டத்தில் பணம் பெற, மருத்துவர், பதிவுபெற்ற செவிலியர், சமூகப் பணியாளர், சமயப் பணியாளர் அல்லது மன ஆலோசகர் அடங்கிய குழு இருந்தாக வேண்டியிருந்தது. 2008இன் விதிகள் பராமரிப்புத் திட்டத்தை 15 நாட்களுக்கு ஒருமுறையாவது குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றன. சட்டத்தால் நாற்காலிகளை ஒன்றுசேர்க்க முடிந்தது. அவற்றில் உட்கார்ந்த உதவிச் செவிலியரை மருத்துவர் முன் வாய் திறக்க வைக்க முடியவில்லை.

கேரளத்தில் வெளியுதவி வேறு உருவம் எடுத்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைச் சங்கத்துக்கு ஆங்கிலேயச் செவிலியர் கில்லி பர்ன், ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ராபர்ட் ட்வைகிராஸ் போன்றோர் பயிற்சியாளர்களாகத் துணைநின்றனர். சில ஆண்டுகளில் அங்கே குழுவின் எல்லை ஊருக்குள் விரிந்தது. பயிற்சி பெற்ற அக்கம்பக்கத் தன்னார்வலர்களும் செவிலியருடன் வீடுகளுக்குப் போயினர்.

ஊழியர்களை மனம்விட்டுப் பேசவைக்கப் பின்னர் பரவிய முறைகளில் குறிப்பிடத்தக்கது ஷ்வார்ட்ஸ் சுற்று. நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்த பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரில் அமைந்த மையம், 1997இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இதைத் தொடங்கியது. வெவ்வேறு பணியிலுள்ள மூன்று, நான்கு பேர் ஒரு நோயாளியைக் கவனித்தபோது தங்களுக்கு நேர்ந்த மனநிலையைச் சொல்வர். மற்றவர்கள் கேட்டுப் பேசுவர். சிகிச்சை சரியா தவறா என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. 2009இல் பிரிட்டனில் சோதனையாகத் தொடங்கிய இந்த முறை ஹாஸ்பிஸ்களுக்கும் சென்றது. உரையாடலை நடத்துபவர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ஊழியரே; வெளியிலிருந்து வருவது அவருக்கான பயிற்சி மட்டுமே.