கொடி ஏறினால் ஊர் கடற்கரைக்குப் போகும்

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை கண்டதும் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறும். பன்னிரண்டு நாள் மௌலூது, பக்கீர் பாவாக்களின் றபான், றாத்திபு, கடைசியில் கந்தூரிச் சோறு. இருநூறு வருசத்தைத் தொட்டுவிட்ட இந்தக் கொடியைப் பற்றி நம்ம ஊரில் எவ்வளவோ பேசியாச்சு. பேச்செல்லாம் ஒரே கேள்வியில்தான் நிற்கும்: இது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? அந்தச் சண்டையில் ஒரு சின்ன விசயம் கணக்கில் வராமலே போய்விட்டது. லீவு, டூர் என்ற சொற்கள் நம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்னால் நம்ம சனம் குடும்பமாக வெளிக்கிட்டுப் போய் ஆறுதலாக இருந்துவிட்டு வந்த ஒரே இடம் அது. "பீச்சுக்குப் போறம்" என்று யாரும் சொன்னதில்லை. "கொடிக்குப் போறம்" என்றுதான் சொன்னார்கள்.

கரைவாகுப் பற்றின் நிலத்தைப் பார்த்தால் இது விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு துண்டு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, இடையில் காரைதீவு, பிறகு நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும். வேலியோடு வேலி. மருதமுனையில் தறிச் சத்தம், மற்ற ஊர்களில் நெல்லும் மீனும் கடைத்தெருவும். மூச்சுவிட இருந்த வெட்டை கடற்கரை மட்டும்தான். ஆனால் அதுவும் ஓய்வுக்கான இடம் இல்லை, வேலை நடக்கும் இடம். கரைவலை இழுக்கிறவர்களும் தோணிக்காரரும் மீன் ஏலம் கூறுகிறவர்களும் நிற்கிற இடத்துக்கு ஒரு பெண் சும்மா போய்க் காற்று வாங்கிவிட முடியுமா? எங்கள் மூத்தம்மாமார் சொன்ன கணக்கில், கடல் அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிச நடை. வருசத்தில் அவர்கள் கடலைப் பார்த்த நாட்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். கொடி நாட்களில் மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை. பாய், சோத்துப் பெட்டி, புள்ளைகள், பக்கத்து வீட்டு ராத்தா எல்லாரும் சேர்ந்து மணலில் குந்தியிருந்து இருட்டும்வரை பேசிவிட்டு வந்தார்கள். அந்த நேரத்தை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது நேர்ச்சை.

கிழக்குக் கரையின் குடும்ப முறையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே வீடு மகளுக்கு. கலியாணம் முடித்த ஆம்பிளை பெண்வீட்டுக்குப் போய்விடுவார். குடியும் தாய்வழியில்தான் வரும். ராத்தா தங்கச்சிமார் ஒரே வளவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். காக்காவும் தம்பியும் ஊர் ஊராகப் பிரிந்திருப்பார்கள். அக்கரைப்பற்றில் பெண் எடுத்தவர், சம்மாந்துறைக்கு மாப்பிள்ளையாகப் போனவர் எல்லாரும் புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உம்மாவின் வீட்டுக்கு வந்து தங்க ஒரு காரணம் வேண்டும். பெருநாள் இரண்டும் அவரவர் வீட்டில் போய்விடும். கொடி அந்தக் காரணத்தைக் கொடுத்தது. மச்சான் மச்சினன் கோபம் தீர்வதும், புதுச் சம்பந்தம் பேச்சில் அடிபடுவதும் அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் நடந்திருக்கின்றன.

கடற்கரைப் பள்ளியில் யாரும் அடங்கியில்லை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாஹுல் ஹமீது வலியுல்லா அடங்கியிருப்பது நாகூரில். கல்முனையில் இருப்பது அவர் நினைவாக எழுப்பிய இடம். கப்பலில் விழுந்த ஓட்டையைத் தூரத்திலிருந்தே கண்ணாடியை எறிந்து அடைத்தவர் என்பது அவரைப் பற்றிய பேர்போன கதை. கடலோடிகள் அவரைக் கூடவே கொண்டுபோனதில் ஆச்சரியமில்லை. பினாங்கிலும் அவர் பெயரில் ஓர் இடம் உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா அன்று கடலைப் பார்த்தபடி நின்றது. பிறகு கடலை மண் போட்டு நிரப்பினார்கள், கரை தள்ளிப் போய்விட்டது. இன்று அது உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் ஒரு மரபுடைமை நிலையம். கல்முனைப் பள்ளியும் கிட்டத்தட்ட அதே காலத்தது. இங்கே மினாராவடியில் நின்றால் இன்னும் அலை தெரிகிறது.

கடல் ஒரு பக்கம் என்றால் மலை இன்னொரு பக்கம். கொடிக்கு இரண்டு மாதம் முந்தி, ரபீஉல் ஆகிரில், ஜெய்லானி. பலாங்கொடைப் பக்கம் கூரகலையில், பாறை சட்டென்று முடிந்து கீழே காடும் சமவெளியும் விரியும் விளிம்பில் அந்தப் பள்ளி இருக்கிறது. 1166இல் பக்தாதில் மறைந்த முகையதீன் அப்துல் காதிர் ஜீலானி இங்கே குகையில் தனித்திருந்து தவம் செய்தார் என்பது நம்பிக்கை. நம் பெரிய பள்ளிக்கு இருப்பதும் அவர் பெயர்தான். அம்பாறை, மொனராகலை தாண்டி மேற்கே போகும் அந்தப் பயணத்துக்குச் சட்டி பானை, அரிசி, தேங்காய் எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே கூரை இருந்தால் கூரை, இல்லாவிட்டால் பாறை. சூஃபிகள் கல்வத் என்று சொல்லும் தனித்திருத்தலுக்கு நம்ம ஊர் வீடுகளில் இடமேது? ஹிறாக் குகையின் கதையை ஓதிப் படித்த சனம், ஒரு குகைக்குள் பத்து நிமிசம் இருந்து பார்க்க இவ்வளவு தூரம் போயிருக்கிறது. எங்களுக்கு இதில் பிடித்ததே அந்தச் சிரமம்தான். இப்போது ஏசி வேன் பிடித்து ஒரே நாளில் நுவரெலியா, ஹக்கல என்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடக்கிறோமே, அதற்குப் பேர் ஓய்வா?

இந்தப் பயணங்களுக்கு முதல் அடி யுத்தம். 1985க்குப் பிறகும், அதைவிடப் பயங்கரமாக 1990லும், தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் பாதை இருந்தும் போக முடியாத காலம் வந்தது. அதே தலைமுறையில் தௌஹீத் பிரச்சாரமும் வலுத்தது. கப்றிடம் கேட்பது இணைவைப்பு என்று சொன்னவர்களின் வாதத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை, எங்களுக்குள்ளேயே அதில் இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. ஆனால் கொடியை விட்டவர்கள் அந்தப் பன்னிரண்டு நாளுக்குப் பதிலாகப் பெண்களுக்கும் வயசாளிகளுக்கும் என்ன கொடுத்தார்கள்? ஆம்பிளைகளுக்குக் கடற்கரையில் பந்து விளையாட்டு எப்போதும் இருந்தது. மூத்தம்மாவுக்கு இருந்த ஒரே சாட்டுத்தான் போனது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோர வளவுகள் தரைமட்டமாயின. ஆறு மாதம் கழித்து, 2005 ஜூலையில், அடுத்த ஜமாதுல் ஆகிர் பிறந்தபோது எங்கள் வீடுகளில் பலர் கடல் பக்கமே தலை வைக்கவில்லை. கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. பிறகு அதைத் தளர்த்தினாலும் பலர் உள்ளே போய்விட்டார்கள். சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம் மாதிரி வயல் பக்கத்துக் குடியிருப்புகளில் வளர்ந்த புள்ளைகளுக்குக் கடல் என்பது வெள்ளிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்க்கிற ஒன்று. பயம் போக வருசக்கணக்காயிற்று. கொடிக்குக் கூட்டம் திரும்பவும் வந்தது. அந்தக் கூட்டத்தில் இறந்தவர்களுக்கு யாசீன் ஓத வந்தவர்களும் இருந்தார்கள், கடலோடு ராசியாகப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள்.

இன்று இரண்டு இடமும் சுருங்கிக்கொண்டு வருகின்றன. கூரகலைக் குகைகளில் பழைய பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன, பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடம் அது என்பதை மறுக்க முடியாது. ஒரே பாறை இரண்டு சமூகத்துக்கும் பெரிசாக இருந்திருக்கலாம். 2013இல் பொதுபல சேனா அங்கே கண் வைத்தது. 2022இல் அரச வெசாக் விழா அங்கேதான் நடந்தது. கடல் பக்கம் வேறு கதை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்ததற்கு முன்பின்னாக அதன் வடக்குக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. ஒலுவிலில் தென்னைகள் சாய்ந்தன, நிந்தவூர் வரைக்கும் அரிப்பு வந்தது. வருசா வருசம் வாடைக் கடல் கொந்தளிக்கும்போது கல்முனைப் பக்கமும் கரையைப் பார்த்துப் பார்த்துத்தான் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது.

ஹிஜ்ரிக் கணக்கில் கொடி வருசத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டே போகும். முப்பத்திமூன்று வருசத்தில் வாடை, சோழகம், கச்சான் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். 2022இல் ஜனவரி மழைக்குள் ஏறிய கொடி 2035 அளவில் ஆகஸ்ட் கச்சானில் ஏறும். கடல் குளம் மாதிரிக் கிடக்கும், மணல் அகலித்திருக்கும், புள்ளைகள் முழங்கால் தண்ணிக்குள் நிற்கலாம். பாய் விரிக்கும் அளவுக்குக் கரை மிஞ்சியிருந்தால்.