அடைக்கலம் தந்த கடை

என் சின்னத் தாத்தா ஒருவர் மலேயாவில் ரப்பர்ப் பால் வெட்டப் போய், நேதாஜியின் படையில் சேர்ந்து, மலேரியா ஜுரத்தோடு ஊர் திரும்பியவர். சிறுவனான என்னிடம் நேதாஜியைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்வார். ஆனால் 1943-ல் சிங்கப்பூரில் இயக்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்த ராஷ் பிஹாரி போஸைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான்: "அவரு ஜப்பானிலே ஒரு ரொட்டிக் கடை வீட்டு மாப்பிள்ளைடா!"

அந்த ரொட்டிக் கடையின் கதை, பின்னாளில் நான் படித்த எந்த நாவலுக்கும் சளைத்ததல்ல.

டோக்கியோவில் சர்வகலாசாலைக்கு எதிரே இருந்த சிறு ரொட்டிக் கடை ஒன்றை 1901-ல் சோமா ஐஸோ, கொக்கோ என்ற தம்பதிகள் விலைக்கு வாங்கினார்கள். கடையின் பெயர் நகமுராயா. வியாபாரம் வளர, 1907-ல் ஷின்ஜுகுவுக்கு வந்தார்கள். கொக்கோ அம்மையாருக்குக் கலையிலே தீராத மோகம். சிற்பிகளும் சித்திரக்காரர்களும் அங்கே கூடினார்கள். அவர்களுக்காகக் கடையின் பின்புறம் ஒரு சித்திரக் கூடமே இருந்தது.

1912-ல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சின் மேல் குண்டு வீசிய சதியில் தேடப்பட்டவர் ராஷ் பிஹாரி. 1915-ல் தாகூரின் உறவினர் என்று பொய்ப் பெயர் பூண்டு ஜப்பானுக்குக் கப்பலேறினார். பிரிட்டனோ ஜப்பானின் நேச நாடு. அதன் நெருக்குதலால், டிசம்பர் 2-ந் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. வெளியேறினால் தூக்குமேடைதான்.

முதல் நாள் இரவு, தோயாமா மித்ஸுரு என்ற செல்வாக்குள்ள தேசியவாதியின் வீட்டுக்குப் போன ராஷ் பிஹாரியும் தோழர் குப்தாவும் திரும்பவில்லை. வாசலில் அவர்களுடைய பாதரட்சைகள் இருந்தன. போலீஸாரும் அவற்றைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள்! பின்வாசல் வழியாகப் போனவர்கள் நகமுராயாவின் சித்திரக் கூடத்தில் ஒளிந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ரொட்டி விற்கிற குடும்பத்துக்கு இந்திய விடுதலையில் என்ன லாபம்? பிடிபட்டால் கடையும் போகும், மானமும் போகும். ஆயினும் அவர்கள் வாய் திறக்கவில்லை. சில மாதங்களில் அரசாங்கம் உத்தரவைக் கைவிட்டது. ஆனால் பிரிட்டிஷ் ஒற்றர்கள் விடுவதாயில்லை. ராஷ் பிஹாரி வீடு மாற்றி வீடு மாறினார்.

அவருக்குத் துணை வேண்டுமென்று தோயாமா யோசனை சொல்ல, சோமா தம்பதிகளின் மூத்த பெண் தோஷிகோ 1918-ல் அவரை மணந்தாள். மறைந்து வாழ்ந்த வாழ்க்கை அது. இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு 1925-ல் இளம் வயதிலேயே அவள் கண்ணை மூடினாள். சரித்திரம் அவள் பெயரை அதிகம் உச்சரிப்பதில்லை. விருந்தோம்பலுக்குக் கொடுத்த விலை அவள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1927-ல் கடையில் சிற்றுண்டிசாலை திறந்தபோது ராஷ் பிஹாரி ஒரு யோசனை சொன்னார். ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்கு வந்த, மாவு கரைத்த 'கறி' நம்முடையதல்ல. எலும்போடு கோழியும் மசாலாவும் சேர்ந்த அசல் இந்தியக் குழம்பை அவர்கள் ருசிக்கட்டும் என்றார். மற்ற இடங்களில் 10, 12 சென்னுக்குக் கிடைத்தது இங்கே 80 சென். அப்படியும் ஜனங்கள் வந்தார்கள்.

சுதந்திரத்தைப் பார்க்காமலே 1945 ஜனவரியில் ராஷ் பிஹாரி டோக்கியோவில் காலமானார். அதே ஆண்டு அவர் மகன் ஓகினாவா யுத்தத்தில் மாண்டான். ஜப்பானிய ராணுவத்தை நம்பியதற்காக அவரைக் குறை சொல்பவர்களும் உண்டு; அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆனால் அந்த ராணுவமும் போயிற்று, பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் போயிற்று. ஷின்ஜுகுவில் அந்தக் கடை மட்டும் இன்னும் இருக்கிறது; அந்தக் குழம்பும் இருக்கிறது. அதிதிக்கு இட்ட சோறு அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை போலும்.